வில்லியம் கௌவன்ஹோவன்

வில்லியம் பென்னெட் கௌவன்ஹோவன் (ஜனவரி 13, 1886 - நவம்பர் 10, 1975) அமெரிக்க மின்பொறியியலாளரும் பேராசிரியரும் ஆவார். ஒழுங்கின்றி நடுங்கும் இதயத்தை, மார்பைத் திறக்காமலேயே மின்அதிர்வு கொடுத்துச் சீராக்கும் கருவியொன்றை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர். இதயம் செயலிழந்தவரின் மார்பைக் கைகளால் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் முறையை 1960 இல் ஜேம்ஸ் ஜூட், கை நிக்கர்பாக்கர் ஆகியோருடன் இணைந்து வெளியிட்டார். மருத்துவப் படிப்பு படிக்காத ஒருவர் மருத்துவத்திற்கு அளித்த பெருங்கொடைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

கௌவன்ஹோவன் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். புரூக்ளின் பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தில் பொறியியல் பயின்றார். பின்னர் ஜெர்மனி சென்று கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தில் 1913 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1914 இல் பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1938 முதல் 1954 வரை அங்கு பொறியியல் புலத்தின் தலைவராகப் பணியாற்றினார். மின்காப்புப் பொருட்கள், மின்அளவீடு ஆகியன இவரது முதன்மைத் துறைகளாகும்.

மின்தாக்குதல் பற்றிய ஆய்வு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரம் நகரெங்கும் பரவியபோது, கம்பங்களில் பணிபுரிந்த தொழிலாளர் பலர் மின்தாக்குதலால் இறந்தனர். இதன் காரணத்தை அறிய மின்நிறுவனங்கள் விரும்பின. 1920களின் இறுதியில் கௌவன்ஹோவன், உடலியங்கியல் அறிஞர் டொனால்ட் ஹூக்கர், நரம்பியல் அறிஞர் ஆர்த்தெல்லோ லாங்வொர்த்தி ஆகியோர் சேர்ந்து விலங்குகளில் ஆய்வு செய்தனர்.

நலமான இதயம், வலது மேலறையில் உள்ள இயற்கையான முடிச்சு ஒன்றிலிருந்து எழும் மின்துடிப்பின்படி ஒழுங்காகச் சுருங்கி விரிகிறது. இவ்வொழுங்கு குலைவதே சீரற்ற இதயத்துடிப்பு ஆகும். துடிப்பு மிக விரைவாகவோ மிக மெதுவாகவோ தாளம் தவறியோ அமையலாம். இவற்றுள் தீங்கற்றவையும் உண்டு. ஆனால் கீழறை நடுக்கம் எனப்படும் நிலையில் தசைநார்கள் தனித்தனியே துடிப்பதால் இதயம் இரத்தத்தை வெளியேற்ற இயலாது போகிறது. சில நொடிகளில் நினைவு தவறும். சில நிமிடங்களில் மூளை பாதிப்படையத் தொடங்கும். மின்தாக்குதலுக்கு உள்ளானோர் பலரின் மரணத்திற்கு இந்நிலையே காரணமாகும்.

ஒரு மின்னோட்டத்தால் நடுங்கத் தொடங்கிய இதயத்தை, மற்றொரு வலிய மின்அதிர்வால் நிறுத்தலாம் என்று 1933 இல் இக்குழு வெளியிட்டது. அவ்வதிர்வு இதயத் தசை முழுவதையும் ஒரே கணத்தில் அமைதிப்படுத்துகிறது. அதன்பின் இயற்கையான முடிச்சு மீண்டும் பொறுப்பேற்க வாய்ப்பு கிடைக்கிறது. சுவிட்சர்லாந்து அறிஞர்களான பிரெவோ, பட்டெல்லி ஆகியோர் 1899 இலேயே இதனைக் கண்டிருந்தனர். எனினும் அவர்களது ஆய்வு நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்தது.

இதயத் துடிப்பு எவ்வகையில் பிழைபட்டுள்ளது என்பதைக் கண்டறிய ஈ.சி.ஜி. வரைபடம் இன்றியமையாதது. இதற்கான கருவியை உருவாக்கிய நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1924 இல் நோபல் பரிசு பெற்றார். நடுங்கும் இதயத்திற்கு மின்அதிர்வு பயன்படும். மின்செயற்பாடே இல்லாது நின்றுவிட்ட இதயத்திற்கு அது பயன்படாது. ஆகவே நோயறிதலும் சிகிச்சையும் பிரிக்க முடியாதவை.

மார்பைத் திறக்காத சிகிச்சை

1947 இல் கிளாட் பெக் என்னும் அறுவை மருத்துவர், மார்பைத் திறந்து இதயத்தின் மீதே மின்அதிர்வு கொடுத்து ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். மார்பின் மேலிருந்தே அதிர்வு கொடுக்கும் முறையை பால் சோல் 1956 இல் வெளியிட்டார். கௌவன்ஹோவன் குழுவினர் தாம் உருவாக்கிய கருவியை 1957 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினர். எளிதில் தூக்கிச் செல்ல இயலாத அளவுக்கு அது கனமாக இருந்தது. கருவி வந்து சேரும்வரை நோயாளியை எவ்வாறு உயிருடன் வைத்திருப்பது என்பது தீராத சிக்கலாக நின்றது.

1958 இல் ஆய்வு மாணவரான நிக்கர்பாக்கர் ஒன்றைக் கவனித்தார். மின்முனைகளை நாயின் மார்பில் அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாய்ச்சும் முன்னரே இரத்த அழுத்தம் சற்று உயர்ந்தது. அழுத்துவதே இரத்தத்தைச் செலுத்துகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அறுவை மருத்துவர் ஜூட் இதனை நோயாளிகளிடம் பயன்படுத்தினார். 1960 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் மூவரும் வெளியிட்ட கட்டுரையில், 20 நோயாளிகளில் 14 பேர் உயிர் பிழைத்ததாகக் கூறப்பட்டது. ஜெர்மானிய மருத்துவர் பிரீடரிக் மாஸ் 1892 இலேயே இத்தகைய முறையைப் பற்றி எழுதியிருந்தும் அது மறக்கப்பட்டிருந்தது.

பீட்டர் சாபர் முதலியோர் ஆராய்ந்த வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் முறை இதனுடன் இணைக்கப்பட்டது. இதுவே இன்று சி.பி.ஆர். எனப்படுகிறது. இதனைப் பழகுவதற்காக நார்வேயைச் சேர்ந்த ஆஸ்முண்ட் லேர்டால் ஒரு பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார்.

பயிற்சியின் தேவை

இம்முறையைச் செய்வதற்கு இரண்டு கைகளே போதுமானவை. ஆயினும் முன்பே பழகாதவர் அந்த நேரத்தில் தயங்கிவிடுவர். முதலுதவி இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. இன்றைய வழிகாட்டலின்படி பெரியவர்களுக்கு மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி சேவை 2008 இல் தொடங்கப்பட்டது. ஆயினும் ஊர்தி வரும் வரையிலான நிமிடங்கள் அருகில் இருப்பவரின் கையிலேயே உள்ளன. விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் நகரங்களில் சூளைகளுக்கும் மின்இயந்திரங்களுக்கும் இடையே பணிபுரிவோர்க்கு இது மிகவும் பொருந்தும். உடன் பணிபுரிபவர் மின்தாக்குதலால் விழுந்தால், முதலில் மின்இணைப்பைத் துண்டித்து, அதன் பின்னரே அவரைத் தொட வேண்டும். பொதுமக்கள் எளிதில் கற்கும்படி, மூச்சளிக்காமல் மார்பை மட்டும் அழுத்தும் முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017 இல் வகுத்தளித்தனர்.

விருதுகளும் மறைவும்

1961 இல் எடிசன் பதக்கமும், 1973 இல் லாஸ்கர் விருதும் கௌவன்ஹோவனுக்கு வழங்கப்பட்டன. 1969 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு மருத்துவப் பட்டம் அளித்தது. அப்பல்கலைக்கழகம் அத்தகைய பட்டத்தை ஒருவருக்கு அளித்தது அதுவே முதல் முறையாகும். தமது 89ஆம் வயதில் 1975 நவம்பர் 10 அன்று பால்ட்டிமோரில் காலமானார்.