குதிரையேறிய மருத்துவச்சியர்

பெற்ற குழந்தையைப் பறிகொடுப்பதினும் கொடிய துயர் உண்டோ? மேரி பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார் அத்துயரை இருமுறை கண்டவர். 1881-இல் அமெரிக்காவில் செல்வாக்கு மிக்க குடும்பத்தில் பிறந்த அவருடைய பெண்மகவு 1916-இல் பிறந்த சில மணி நேரத்தில் இறந்தது. நான்கு வயது மகனும் 1918-இல் மறைந்தான்.

முதல் உலகப்போருக்குப் பின் பிரான்சில் தொண்டாற்றியபோது, நர்ஸ் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் ஒருங்கே பெற்ற ஆங்கிலப் பெண்களைக் கண்டார். அம்மையார் ஏற்கெனவே நர்ஸ்தான். ஆயினும் நாற்பதைக் கடந்த வயதில் லண்டன் சென்று, மாணவியாக அமர்ந்து பேறு பார்க்கக் கற்றார். (ஒரு தேர்வுக்கே சலித்துக்கொள்ளும் நம்மை என்னென்பது!)

1925-இல் கென்டக்கி மலைப்பகுதியில் பணி தொடங்கியது. நல்ல சாலை கிடையாது, குதிரையே வாகனம். டாக்டரோ தொலைவில். எது இயல்பான பேறு, எது ஆபத்து என்று தாமே கண்டறியும் திறமை அங்குச் செல்வோருக்கு வேண்டும். சிறு நிலையங்கள் அமைந்தன. 1928-இல் ஹைடனில் மருத்துவமனையும் எழுந்தது. கட்டடம் எழுப்பிவிடலாம், தக்க ஆளுக்கு எங்கே போவது? பிரிட்டனையே நம்ப வேண்டியிருந்தது. கறுப்பின நர்சுகளை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

1939-இல் மீண்டும் போர் மூண்டது. பிரிட்டிஷ் நர்சுகள் பலர் தாயகம் திரும்பினர். அம்மையார் அவ்வாண்டே ஹைடனில், நர்ஸ் படிப்பு முடித்தவர்களுக்கென மருத்துவச்சிப் பள்ளியைத் திறந்தார். முதலில் சேர்ந்தவர்கள் இருவரே. 1965-இல் அவர் மறைந்தார். அப்பள்ளி இன்று பல்கலைக்கழகம்.