மாறுகண் அதிர்ஷ்டமா?

பிள்ளைக்கு மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்வதுண்டு. அது அதிர்ஷ்டம் அல்ல, கண் படும் பாடு என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் டாண்டர்ஸ் என்ற டாக்டர்.

ஹாலந்து நாட்டில் 1818-ம் ஆண்டு பிறந்தார். எட்டுப் பெண்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனாரை இழந்தார். தாயாரும் அக்காள்மாரும் வளர்த்தார்கள். படித்து டாக்டரானார். 1858-ல் உட்ரெக்ட் நகரில் ஏழைகளுக்காகக் கண் ஆஸ்பத்திரி தொடங்கினார்.

கருவிழி மூக்குப் பக்கம் திரும்பியவர்களை அவர் சோதித்தார். பலருக்குத் தூரப்பார்வைக் கோளாறு இருந்தது. தெளிவாகப் பார்க்க அவர்களுடைய கண்கள் அதிகமாக உழைக்க வேண்டும். அந்த உழைப்பே கண்ணை உள்பக்கம் இழுத்துவிடுகிறது! இதை விளக்கி 1864-ல் பெரிய புத்தகம் வெளியிட்டார். 1889-ல் காலமானார்.

அவர் காட்டிய வழியில்தான் இன்றும் வைத்தியம் நடக்கிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுச் சோதித்து, குவிந்த கண்ணாடி கொடுக்கிறார்கள். கண்ணின் பாரத்தைக் கண்ணாடி சுமக்கிறது. பல குழந்தைகளுக்குக் கண் நேராகிவிடுகிறது.

தாமதித்தால், திரும்பிய கண்ணில் பார்வை மங்கிவிடும். பெற்றோர்களே! அதிர்ஷ்டம் என்று இருந்துவிடாதீர்கள். கண் டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.