இளவரசர் அல்பேட்: அரசியின் கணவர்

விக்ரோறியா மகாராணியைப் பற்றிச் சரித்திர பாடத்தில் படிக்காதவர்கள் நம்மில் இருக்கமாட்டோம். படத்தில் அவரருகே நிற்கும் மீசைக்காரக் கணவரை மட்டும் நாம் அவ்வளவாகக் கவனித்ததில்லை.

அல்பேட் 1819 ஓகஸ்ட் 26 இல் ஜேர்மனியின் கோபேர்க் நகருக்கு அண்மையில் பிறந்தார். ஐந்து வயதில் தாயைப் பிரிந்தார். பெற்றோரின் மணம் முறிந்தது. தாயை அவர் மறுபடி காணவேயில்லை. அவருடைய தந்தையின் சகோதரிதான் விக்ரோறியாவின் தாயார். நமது முறைப்படி மச்சானும் மச்சாளும். ஆளும் அரசியிடம் எவரும் மணம் பேச முடியாது என்பதால் 1839 இல் விக்ரோறியாவே கேட்டார். 1840 பெப்ரவரி 10 இல் திருமணம் நடந்தது.

மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்திருப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் இவர் வந்த வீட்டில் சாவிக்கொத்து அரசியின் பழைய ஆசிரியை லேசன் அம்மையாரிடம் இருந்தது. அரசாங்கக் கடிதங்களை இவருக்கு முதலில் காட்டவில்லை. அரசி ஒப்பமிட்டதும் மை ஒற்றுவதே வேலை. பாராளுமன்றமும் எதிர்பார்த்த 50,000 பவுண் ஆண்டுப் படியை 30,000 ஆகக் குறைத்தது. வீட்டில் தமக்கு அதிகாரமில்லையென நண்பருக்கு எழுதி வருந்தினார். இத்தகைய கடிதங்களைக் காலங்காலமாக எழுதியவர்கள் பெண்கள்தானே!

அவர் சோர்ந்துவிடவில்லை, அரண்மனை அடுக்களையிலிருந்தே தொடங்கினார். அடுப்பில் விறகு அடுக்குவது ஓர் அதிகாரியின் பொறுப்பு, மூட்டுவது இன்னொருவருடையது. யன்னலின் உட்புறம் ஒருவருக்கு, வெளிப்புறம் மற்றவருக்கு. இந்தக் குழப்பத்தையும் வீண்செலவையும் ஒழித்தார். பிள்ளைப்பேற்றுக் காலங்களில் அரசியின் வேலைகளையும் பார்த்தார். பிள்ளைகள் ஒன்பது பேர். 1847 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தராகி, அங்கு விஞ்ஞானக் கல்விக்கு வழி திறந்தார்.

1851 ஆம் ஆண்டின் மாபெரும் கண்காட்சிதான் அவருடைய பெரிய சாதனை. லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடியாலும் இரும்பாலும் எழுந்த மாளிகையைக் காண அறுபது இலட்சம் பேர் வந்தனர். இலாபம் ஏறக்குறைய 186,000 பவுண். அதில் வாங்கிய தென் கென்சிங்ரன் நிலத்தில்தான் இன்றைய பெரும் அருங்காட்சியகங்கள் நிற்கின்றன.

மூத்த மகளின் திருமணம் நிச்சயமானதும் மாலைதோறும் தாமே சரித்திரமும் அரசியலும் கற்பித்தார். மகள்மாருக்கு அறிவு எதற்கு என்று பலர் கேட்ட காலம் அது. மூத்த மகனையோ ஓய்வில்லாத பாட அட்டவணையால் நெருக்கினார். அதில் அவர் தவறினார் என்றே நினைக்கிறோம்.

அரசியின் துணைவர் என்ற பட்டம் முறைப்படி கிடைத்தது 1857 இல், மணமாகிப் பதினேழு ஆண்டுகளின் பின்.

1861 நவம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பலொன்று பிரித்தானியத் தபால் கப்பலான ‘ட்ரென்ற்’றை மறித்துத் தென்மாநிலத் தூதர் இருவரைப் பிடித்தது. லண்டனில் கடும் கண்டனக் கடிதம் தயாரானது. போனால் போர் மூளும். உடல் நலமின்றி இருந்த அல்பேட் விடியற்காலையில் எழுந்து, அமெரிக்கா கௌரவமாகப் பின்வாங்க இடம் வைத்து அதைத் திருத்தினார். தூதர்கள் விடுவிக்கப்பட்டனர், போர் வரவில்லை. அந்தச் செய்தியைக் கேட்க அவர் இருக்கவில்லை. நெருப்புக் காய்ச்சல் என்றார்கள் வைத்தியர்கள். டிசெம்பர் 14 இரவு விண்ட்சர் கோட்டையில் காலமானார். வயது 42.

மகாராணி 1901 இல் இறக்கும்வரை கறுப்பு உடையே அணிந்தார். அல்பேட்டின் அறையில் தினமும் மாற்றுடை எடுத்துவைக்கப்பட்டது. முகச்சவரத்துக்குச் சுடுதண்ணீரும் போய்க்கொண்டிருந்தது.