ஏடு தேடி வந்த யாத்திரிகர்

திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்தைக் காணும்போதெல்லாம் நமக்குப் பல்லவர் காலம் நினைவுக்கு வருகிறது. முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 640இல், காஞ்சிக்கு வந்தவர் சீன யாத்திரிகர் யுவான் சுவாங். பொன்னையும் மணியையும் அவர் நாடவில்லை. ஏடுகளையும் சிலைகளையுமே தேடிச் சேர்த்தார்.

ஊர் திரும்பும் வழியில், சிந்து நதியில் படகு அலைக்கழிய, சுமார் 50 சுவடிகள் வெள்ளத்தோடு போயின. அவர் மனந்தளரவில்லை, அங்கே தங்கி, ஆளனுப்பிப் புதுப்படிகள் எழுதுவித்தார். 645இல் 657 நூல்களுடன் தலைநகர் சாங்கானை அடைந்தார். 664இல் மறையும்வரை மொழிபெயர்ப்பிலேயே காலங்கழித்தார்.

அந்நூல்களைக் காக்க 652இல் எழுந்த கோபுரத்தில் சூ சுயிலியாங்கின் கையெழுத்து கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் மைப்படிகளைச் சீனக் கலைப்பிரியர்கள் பொக்கிஷமாகப் போற்றுவர்.

இழந்ததை எண்ணி அழாமல் மீண்டும் எழுதத் தொடங்கிய அவரைப் போல் நாமும் முயல்வோமாக!