ஆபிரகாம் லூயி பிரெகே

ஆபிரகாம் லூயி பிரெகே (ஜனவரி 10, 1747 – செப்டம்பர் 17, 1823) பிரான்சில் வாழ்ந்த புகழ்பெற்ற கடிகார வினைஞர் ஆவார். கடிகாரங்களின் உள்ளமைப்பிலும் முகப்பு வடிவமைப்பிலும் இவர் செய்த மாற்றங்கள் பல இன்றும் உயர்தரக் கடிகாரங்களில் பின்பற்றப்படுகின்றன.

இளமைக்காலம்

பிரெகே இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள நொய்சாத்தெல் நகரில் பிறந்தார். இவரது 11 ஆவது வயதில் தந்தை இறந்தார். தாய் மறுமணம் புரிந்த ஜோசப் தத்தே கடிகாரத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் வழியாகவே பிரெகே இத்தொழிலுக்கு வந்தார். 1762 இல் வெர்சாயில் தொழில் பயிலத் தொடங்கினார். பாரிசில் உள்ள மசரேன் கல்லூரியில் மாலை வகுப்புகளில் கணிதமும் கற்றார்.

பாரிசில் தொழில்

1775 இல் திருமணம் செய்துகொண்டு, பாரிசில் சென் ஆற்றின் நடுவே உள்ள சித்தே தீவில் பட்டறை நிறுவினார். 1780 அளவில், அணிபவரின் நடையசைவால் தானே முறுக்கேறும் சட்டைப்பைக் கடிகாரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1783 இல், மணியொலிக்கும் கடிகாரங்களில் கிண்ண மணிக்குப் பதிலாக வளைத்த எஃகுக் கம்பியைப் பொருத்தினார். இதனால் அத்தகைய கடிகாரங்களை மெல்லியனவாகச் செய்ய முடிந்தது.

முகப்பு வடிவமைப்பு

அக்காலக் கடிகார முகப்புகள் பெரும்பாலும் அலங்காரம் மிகுந்தவை. பிரெகே எளிதில் நேரம் பார்ப்பதையே முதன்மையாகக் கொண்டார். வெண்ணிற எனாமல் முகப்பு, சற்றே சாய்ந்த எண்கள், நுனிக்கருகே வட்டத் துளை கொண்ட மெல்லிய முட்கள் ஆகியவை இவரது அடையாளங்கள். எனாமல் என்பது கண்ணாடித் தூளை உலோகத் தகட்டின் மீது பரப்பிச் சூளையில் உருக்கிப் பெறும் பூச்சாகும்.

1786 அளவில் தங்கம், வெள்ளி முகப்புகளில் கியோஷே என்னும் நுண்கோட்டு வேலைப்பாட்டைப் புகுத்தினார். கையால் சுழற்றும் கடைசல் இயந்திரத்தில் இக்கோடுகள் செதுக்கப்பட்டன. இவை ஒளியின் கூச்சத்தைக் குறைத்ததுடன், முகப்பின் பகுதிகளைப் பிரித்துக் காட்டவும் உதவின.

புகழ் பெருகியபோது போலிகளும் பெருகின. எனவே 1795 அளவிலிருந்து முகப்பில் மறைமுகக் கையொப்பம் இடத் தொடங்கினார். எனாமல் முகப்பில் 12 என்னும் எண்ணின் கீழ் பொறிக்கப்பட்ட இது, சாய்வான ஒளியில் மட்டுமே தென்படும். பெரிய எழுத்தைச் சிறிதாக்கி வரையும் கருவி இதற்குப் பயன்பட்டது.

புரட்சிக்குப் பின்

அரச குடும்பத்தினருக்குக் கடிகாரம் செய்தவர் என்பதால் பிரெஞ்சுப் புரட்சி இவருக்கு ஆபத்தானது. 1793 இல் பிரான்சை விட்டு வெளியேறிச் சுவிட்சர்லாந்தில் தங்கினார். புரட்சித் தலைவரும் இவரது நண்பருமான மரா இதற்கு உதவியதாகக் கூறப்படுகிறது.

1795 இல் பாரிஸ் திரும்பித் தொழிலை மீண்டும் தொடங்கினார். விலையில் நான்கில் ஒரு பங்கை முன்பணமாகப் பெற்று, எனாமல் முகப்பும் ஒரே முள்ளும் கொண்ட எளிய கடிகாரங்களைச் செய்து விற்றார். 1801 ஜூன் 26 அன்று தூர்பியோன் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். நிமிர்ந்த நிலையில் இருக்கும் கடிகாரத்தில் புவியீர்ப்பால் நேரப்பிழை உண்டாகும். வேகத்தை ஒழுங்குபடுத்தும் பகுதியை ஒரு கூட்டில் வைத்துச் சுழலச் செய்வதன் மூலம் இப்பிழை சமன் செய்யப்படுகிறது.

அரசியின் கடிகாரம்

1783 இல் அரசி மாரி அந்துவானெத்துக்காக ஒரு கடிகாரம் செய்யும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று அறியப்பட்ட எல்லா நுட்பங்களும் அதில் இடம்பெற வேண்டும் என்பதே நிபந்தனை. விலைக்கும் காலத்துக்கும் வரம்பில்லை. அரசி 1793 இல் கொல்லப்பட்டார். பிரெகேயும் அது முடிவடைவதற்கு முன்பே இறந்தார். 160 ஆம் எண் கொண்ட அக்கடிகாரம் 1827 இல் முடிக்கப்பட்டது. 1983 இல் ஜெருசலேம் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து களவுபோன அது, பல ஆண்டுகளுக்குப் பின் மீட்கப்பட்டது. அச்செய்தி 2007 இல் வெளியானது.

இறுதிக்காலம்

1815 இல் பிரெஞ்சுக் கடற்படையின் கடிகார வினைஞராகவும், 1816 இல் அறிவியல் கழக உறுப்பினராகவும் ஆனார். 1823 இல் பாரிசில் காலமானார். பேர் லாசேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இவரது மகன் அந்துவான் லூயி தொழிலைத் தொடர்ந்து நடத்தினார்.