மாண்டலின் ஸ்ரீநிவாஸ்

போன தீபத்தப்போ எங்க பெரியப்பா மைக் செட் கட்டியிருந்தார். அதில் ஓடின இசையை நான் வீணைன்னு நினைச்சேன். அது மாண்டலின், வாசிச்சவர் ஸ்ரீநிவாஸ் என்று பெரியப்பா சொன்னார். அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஆந்திராவில் பாலகொல்லு என்ற ஊரில் 28.2.1969 அன்று பிறந்தார். 6 வயதில் அப்பாவோட மாண்டலினை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். ஆனா குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார். பையன் அதைக் கேட்டு கம்பியில் தேடிக் கண்டுபிடிப்பான். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது.

மாண்டலின் இத்தாலியில் இருந்து வந்த வாத்தியம். அதில் 4 ஜோடி, மொத்தம் 8 கம்பி. மீட்டினா சத்தம் சீக்கிரம் அடங்கிடும். நம்ம கர்நாடக இசைக்கோ சுரத்தை அசைத்து, இழுத்து வாசிக்கணும். அதுதான் கமகம். ஜோடிக் கம்பியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் நகராது, சுருதி பிசகும். அதனால் இந்த வாத்தியத்தில் நம்ம இசை வராது என்றே பலர் நினைத்தார்கள்.

ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். ஜோடிக்குப் பதில் ஒற்றைக் கம்பி போட்டார். கீழ்ச் சுரங்களுக்காக 5-ஆவது கம்பியும் சேர்த்தார். எலக்ட்ரிக் மாண்டலினில் கம்பிக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் உண்டாகும். அதை ஆம்ப்ளிஃபையர் பெரிசாக்கும். அதனால் அடங்கப்போற சத்தம்கூட காதுக்குக் கேட்கும், அதற்குள் அடுத்த சுரத்துக்கு இழுத்துடலாம். பிக்கப் கம்பியின் ஓரமா இருந்தா சத்தம் கூர்மையா வரும், உள்ளே தள்ளி இருந்தா கனமா வரும். எர்த் ஒயர் விட்டுப்போச்சுன்னா உம்ம்ம்னு இரைச்சல்தான். (இது பெரியப்பா சொன்னது.)

1978-ல் குடிவாடாவில் முதல் கச்சேரி. 1981-ல் சென்னையில் வாசித்தார். 1983-ல் ஜெர்மனியில் பெர்லின் ஜாஸ் விழா. அப்போ அவருக்கு 14 வயசு. எனக்கும் இப்போ 14தான், நான் வேலூரைத் தாண்டினதில்லை! பிறகு ஜான் மெக்லாலின் என்ற கிதார் கலைஞரின் ரிமெம்பர் சக்தி குழுவிலும் வாசித்தார். 1998-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தம்பி ராஜேஷும் மாண்டலின் கலைஞர்தான்.

19.9.2014 அன்று சென்னையில் காலமானார். வயது 45தான். நான் அப்போ சின்னக் குழந்தை.

பெரியப்பாகிட்ட அவர் வாசித்தது நிறைய இருக்கு. கேட்கணும்னா சொல்லுங்க, பென்டிரைவில் வாங்கிட்டு வரேன்.