கிரஃப்ட் கண்ட நாய்க்காட்சி

காட்டிலிருந்து மனிதனோடு வீட்டிற்கு முதன்முதலில் நடந்து வந்த விலங்கு நாய். வேட்டையில் துணையாக, கிடையில் காவலாக, வாசலில் உறவாக அது அன்றிலிருந்து நம்மோடு வாழ்ந்து வருகிறது. விண்ணுலகு நோக்கி நடந்த தருமருக்குப் பின்னே கடைசிவரை சென்றதும் ஒரு நாயே என்று நம் பாட்டிமார் கதை சொல்வர். ஆயினும் ஒருவரை இகழ நினைக்கும்போது நம் நாவில் முதலில் வருவதும் அதன் பெயர்தான்! நன்றிக்கு இலக்கணமாகவும் இழிவுக்கு உவமையாகவும் ஒரே விலங்கை வைத்திருக்கும் விந்தை மனிதர் நாம்.

அந்த விலங்கை ஒரு பெரிய மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி, அரசியாரின் நாயையும் சாதாரணக் குடிமகனின் நாயையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து, ஊரே திரண்டு பார்க்கச் செய்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சார்லஸ் கிரஃப்ட். ஆசையோடு வளர்க்கும் குட்டியைக் காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இன்று எண்ணுகிற எவரும், அறிந்தோ அறியாமலோ, அவர் அகலப்படுத்திய பாதையில்தான் நடக்கிறார்கள்.

இளமையும் தொழிலும்

1852ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கிரஃப்ட் பிறந்தார். தந்தையார் நகைத் தொழில் செய்தவர். மகனும் அதே தொழிலில் அமர்வான் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் படிப்பு முடிந்ததும் இளைஞர் கிரஃப்ட் பொன்னையும் மணியையும் விட்டு விலகினார். அவர் சென்று சேர்ந்த இடம் எது தெரியுமா? நாய்க்கு ரொட்டி விற்கும் கடை!

அக்கடையின் வரலாறே சுவையானது. ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு இடிதாங்கி விற்க வந்தவர். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் எறிந்த காய்ந்த ரொட்டியைத் தெருநாய்கள் பாய்ந்து தின்பதைக் கண்டார் என்பர். நாய்க்கென்றே ஒரு ரொட்டி செய்து விற்றால் என்ன என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. இடிதாங்கி மறைந்தது, நாய் ரொட்டி பிறந்தது. இலண்டனின் ஹோல்பர்ன் பகுதியில் நடந்த அந்தத் தொழிலில் கிரஃப்ட் அலுவலகச் சிறுவனாகச் சேர்ந்தார்.

சிறு வேலை என்று அவர் சோர்ந்துவிடவில்லை. விரைவிலேயே ஊர் ஊராகச் சென்று விற்கும் பிரதிநிதியாக உயர்ந்தார். பெரிய பண்ணைகளுக்கும் வேட்டை நாய்க் கொட்டில்களுக்கும் சென்றார். பிரபுக்களோடு பேசினார், அவர்களுடைய காவலாளிகளோடும் பேசினார். எந்த ஊரில் எவ்வகை நாய் வளர்க்கப்படுகிறது, யாருக்கு எந்த இனத்தின்மீது பற்று என்பதெல்லாம் அவர் மனத்தில் பதிந்தன. விற்பனைக்காக நடந்த நடையே பின்னாளில் அவருக்குக் கல்வியாயிற்று.

முதல் மேடை

நாய்க்காட்சியைக் கண்டுபிடித்தவர் கிரஃப்ட் என்று சிலர் எண்ணுவதுண்டு. அது பிழை. 1859ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் காட்சி ஒன்று நடந்துவிட்டது. பாயிண்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்கள் மட்டுமே, ஏறக்குறைய 60, அதில் நின்றன. வென்றவர்க்குப் பரிசு துப்பாக்கி! அதன்பின் காட்சிகள் பெருகின. பெருகியபோது பூசல்களும் பெருகின. எனவே 1873இல் ஷெர்லி என்பவரின் முயற்சியால் கென்னல் கிளப் என்ற அமைப்புத் தோன்றி, விதிகளை வகுத்து, நாய்களின் வமிசப் பதிவேட்டையும் வெளியிட்டது.

களம் முன்பே இருந்தது. அதில் கூட்டத்தைச் சேர்க்கும் கலையே கிரஃப்டின் கொடை. 1878ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதில் நாய்கள் பிரிவைப் பரப்பும் பொறுப்பைப் பிரெஞ்சு நாட்டு நாய் வளர்ப்போர் இவரிடம் ஒப்படைத்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. வேற்று நாட்டார் தம் காட்சிக்கு ஓர் ஆங்கில விற்பனையாளரை அழைத்தனர் என்றால், அவருடைய திறமை எவ்வளவு பேசப்பட்டிருக்க வேண்டும்!

1886இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் இருந்த ராயல் அக்வேரியம் என்னும் கேளிக்கை மண்டபத்தில் தம் முதல் காட்சியை நடத்தினார். டெரியர் வகை நாய்களுக்கு மட்டுமே உரிய காட்சி அது. 57 வகுப்புகள், ஏறக்குறைய 600 பதிவுகள். ஐந்தாண்டு கழித்து, 1891இல், கால்நடைக் காட்சிகளுக்காகக் கட்டப்பட்ட இஸ்லிங்டன் ராயல் அக்ரிகல்சுரல் மண்டபத்தைப் பிடித்தார். இம்முறை எல்லா இனங்களுக்கும் கதவு திறந்தது. சுமார் 2,000 நாய்கள் வந்தன. ஒரே நாயைப் பல வகுப்புகளில் நிறுத்தலாம் என்பதால் பதிவுகளோ 2,500ஐ நெருங்கின. விளம்பரத்தில் எந்த எண்ணைப் பெரிதாகப் போட வேண்டும் என்பது அந்த வணிகருக்குத் தெரியாதா என்ன?

விக்டோரியா அரசியாரின் பொமரேனியன் நாய்களும் அக்காட்சியில் இடம்பெற்றன. அரசியாரின் நாய் நிற்கும் இடத்தில் தம் நாயும் நிற்க வேண்டும் என்று யார்தான் ஆசைப்படார்? ஆண்டுதோறும் கூட்டம் வளர்ந்தது. கிரஃப்டின் பெயரே காட்சியின் பெயராயிற்று.

புதியவரும் குட்டியும்

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். அரண்மனை நாய்களுக்கு நடுவே, முதன்முதலாகத் தம் வீட்டுக் குட்டியோடு வருகிறவருக்கு என்ன இடம்?

கிரஃப்டின் காலத்தில் விரும்பியவர் எவரும் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யலாம். இன்று அவர் பெயரால் நடக்கும் காட்சியில் நிற்க, பிற காட்சிகளில் முன்னரே தகுதி பெற்றிருக்க வேண்டும். எனவே புதியவர் சிறிய காட்சிகளிலிருந்தே தொடங்குவர். வமிசப் பதிவு இல்லாத கலப்பினக் குட்டிகளையும் அன்றைக்கே பதிந்து நிறுத்தத்தக்க எளிய காட்சிகளும் இங்கிலாந்தில் உண்டு. அவற்றில் நன்றாக வாலாட்டும் நாய்க்குக்கூடப் பரிசு கிடைக்கும்.

முறையான இனக் காட்சியில் குட்டிகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறது. ஆறு மாதம் நிறைந்து ஓராண்டு நிறையாதவை அதில் நிற்கும். அங்கே நடுவர் ஒரு நாயை மற்றொரு நாயோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் இனத்திற்கும் எழுதி வைக்கப்பட்ட இலக்கணத்தோடு ஒப்பிடுகிறார். தலை, பல்வரிசை, தோள், முதுகு, வால், நடை யாவும் நோக்கப்படும். சிறிய நாயை மேசைமேல் நிறுத்திக் கையால் தொட்டுப் பார்ப்பார். பின்பு முக்கோண வடிவில் நடத்திக் காட்டச் சொல்வார். நேராகச் சென்று திரும்பிவரவும் சொல்வார்.

ஆகவே குட்டிக்கு வீட்டில் கற்பிக்க வேண்டியவை சிலவே. அசையாமல் சிறிது நேரம் நிற்பது. வாரை இழுக்காமல் பக்கத்தில் நடப்பது. அயலார் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாலும் அஞ்சாமல் இருப்பது. நாளுக்குச் சில நிமிடங்கள் போதும். நீட்டினால் குட்டி சலித்துவிடும். நன்றாக நின்றால் ஒரு துண்டுத் தின்பண்டமும் ஓர் அன்புச் சொல்லும் கொடுக்க வேண்டும். அடித்துக் கற்பித்த குட்டி களத்தில் வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு நிற்கும். வளர்த்தவரின் குணத்தை அதுவே ஊரறியச் சொல்லிவிடும். தடுப்பூசி முடியும் முன் கூட்டத்துக்குள் கொண்டுபோகலாகாது. அனைத்திற்கும் மேலாக, முதல் முறை நாயை வீட்டில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் சென்று ஒரு காட்சியை முழுவதும் பார்த்துவருவது நல்லது. பார்த்துக் கற்பதுதானே கிரஃப்டும் கற்ற வழி!

தோற்றால்? பத்துக் குட்டிகள் நின்றால் ஒன்றுக்குத்தான் முதலிடம். ஒரு நடுவர் ஒதுக்கிய குட்டியை அடுத்த வாரம் மற்றொரு நடுவர் முதலாவதாக நிறுத்தவும் கூடும். வீட்டிற்குத் திரும்பும் வழியில் குட்டிக்குத் தான் தோற்றது தெரியாது. தன் தலைவர் முகம் வாடியிருப்பது மட்டும் தெரியும். இதை உணர்ந்தவரே காட்சிக்குத் தகுதியானவர்.

நிழலும் ஒளியும்

கிரஃப்டைப் பற்றி ஒரு செய்தி பரவலாக வழங்கி வருகிறது. உலகப் புகழ்பெற்ற நாய்க்காட்சியை நடத்திய அவர் தம் வீட்டில் வளர்த்தது பூனையாம்! ஓர் இன நாயை வளர்த்தால் அவ்வினத்தின் பக்கம் சாய்ந்தார் என்ற பேச்சு எழும் என்று அவர் அஞ்சினார் எனக் காரணமும் கூறுவர். 1894, 1895 ஆண்டுகளில் பூனைக்காட்சியும் நடத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை.

நாயின்மீது காதலால் அன்று, வணிக நோக்கால் இதைச் செய்தவரை நாம் போற்றலாமா? ஆராய வேண்டிய வினாதான். அவர் விளம்பரப் பிரியர்; பெரிய எண்களில் மயங்கியவர்; தம் காட்சியே மிகப் பெரியது என்று முழங்கியவர். அழகுக்குப் பரிசு என்ற முறை வளர வளர அதன் தீமையும் வளர்ந்தது. அழகுக்காக நாயின் காதை வெட்டும் வழக்கம் இருந்தது. அப்படி வெட்டப்பட்ட நாய்களைக் கென்னல் கிளப் அந்த நூற்றாண்டு முடியுமுன்னரே களத்திலிருந்து விலக்கியது. ஆனால் மூச்சுவிட இயலாத தட்டை மூக்கும், நடக்க இயலாத குட்டைக் காலும் அழகென்று பெருகியதை எளிதில் தடுக்க முடியவில்லை. 2008இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வெளியான ஓர் ஆவணப்படம் இதை உலகறியச் செய்தது. அதன்பின் இன இலக்கணங்கள் திருத்தப்பட்டன. 2012 முதல், இடர் மிகுந்த சில இனங்களில் வென்ற நாய்களைக் கிரஃப்ட்ஸ் காட்சியில் கால்நடை மருத்துவரும் சோதிக்கலாயினர். உடல்நலம் கெட்ட அழகு அழகன்று என்ற பாடத்தைக் கற்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இக்குறைகளை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் நிறையையும் சொல்ல வேண்டும். பெரிய வீட்டாரின் பொழுதுபோக்காக இருந்ததை மக்கள் விழாவாக மாற்றியவர் கிரஃப்ட். நாய்க்கு நல்ல உணவும் தூய்மையும் பராமரிப்பும் தேவை என்ற எண்ணம் எளிய வீடுகளிலும் பரவ அவ்விழாவும் துணை நின்றது.

முடிவும் தொடர்ச்சியும்

1928இல் காட்சி முழுவதிலும் சிறந்த ஒரே நாய்க்குரிய பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டது. வென்றது ஒரு கிரேஹவுண்டு. 1936இல் பொன்விழாக் காட்சி நடந்தபோது பதிவுகள் 10,000ஐக் கடந்திருந்தன. 600இல் தொடங்கியதை அவ்வளவுக்கு வளர்த்த முதியவருக்கு அப்போது வயது எண்பத்து மூன்று. இரண்டாண்டு கழித்து, 1938 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அடுத்த ஆண்டுக் காட்சியை அவருடைய மனைவி எம்மா முன்னின்று நடத்தினார். பிறகு போர் மூண்டது; மண்டபங்கள் இருண்டன. தனியொருவராக அந்தச் சுமையைத் தாங்குவது அரிது என்று கண்ட எம்மா, கணவரின் பெயர் அழியாதிருக்கக் காட்சியைக் கென்னல் கிளப்பிடம் ஒப்படைத்தார். 1948இல் இலண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் அது மீண்டும் உயிர்பெற்றது. 1991இல் பர்மிங்காம் நகருக்கு இடம்பெயர்ந்தது. இன்றும் கிரஃப்ட்ஸ் என்ற பெயரோடுதான் நடக்கிறது.

மாணவ நண்பர்களே! தந்தையின் தொழிலைத் தொடராதவர் வீணாய்ப் போவார் என்று உலகம் எளிதில் சொல்லிவிடும். சிறு வேலையில் சேர்ந்தவர் சிறியவராகவே நிற்பார் என்றும் சொல்லும். ரொட்டி மூட்டையோடு கொட்டில் கொட்டிலாக அலைந்த இளைஞர், தாம் கண்டதையெல்லாம் மனத்தில் சேர்த்து வைத்துப் பெருமுயற்சி ஒன்றை எழுப்பினார். கையில் கிடைத்த வேலையைக் கண்திறந்து செய்வதே அவருடைய வாழ்வு நமக்குத் தரும் முதல் பாடம்.

இரண்டாவது பாடத்தை அவருடைய களத்தில் நின்ற நாய்கள் தருகின்றன. கோப்பை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அழைத்துவந்தவரின் பின்னே அதே அன்போடு அவை வீடு திரும்புகின்றன. அந்த அன்பை மதிப்பிட எந்த நடுவராலும் இயலாது. குட்டியைக் காட்சிக்கு அழைத்துச் செல்ல எண்ணுவோர், வார் பூட்டும்போதே இதை நினைவில் கொள்வார்களாக!